படிப்பதற்கு எழுதப்படாத எழுத்துகள்



பல ஆண்டுகளுக்கு முன்பு, மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவனின் கணிதப் புத்தகத்தைத் திருத்திக்கொண்டிருந்தேன். கட்டம் போட்ட பக்கத்தில் ஐந்து கழித்தல் கணக்குகளை அவன் செய்திருக்க வேண்டும். இரண்டைத்தான் செய்திருந்தான். எஞ்சிய இடம் முழுவதும் எண்களால் நிறைந்திருந்தது. 7 என்னும் எண் பல அளவுகளில், பல கோணங்களில் சாய்ந்து கிடந்தது. 2 என்னும் எண்கள் வரிசையாக நின்றன. கூட்டல் குறிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு ஒரு வேலி போல் காட்சியளித்தன. அவனை அழைத்து, “என்ன இது?” என்று கேட்டேன். “இது ஏழு இல்ல டீச்சர், குருவி. ரெண்டு எல்லாம் வாத்து” என்றான். அப்பக்கத்தின் குறுக்கே சிவப்பு மையால் ஒரு கோடு கிழித்தேன். அம்மாவிடம் கையொப்பம் வாங்கி வரச் சொன்னேன். மறுநாள் கையொப்பம் வந்தது. அதன் பிறகு அவன் புத்தகத்தில் கணக்குகள் மட்டுமே இருந்தன.

அன்று நான் செய்தது சரி என்றே நினைத்தேன். கணிதப் புத்தகம் கணிதத்திற்கு உரியது அல்லவா? நெடுநாள் கழித்து, ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரைப் பற்றிப் படிக்க நேர்ந்தபோதுதான் அந்தச் சிவப்புக் கோடு மீண்டும் என் நினைவுக்கு வந்தது. இந்தியாவின் தலைசிறந்த ஓவியர்களுள் ஒருவர், தம் ஐம்பதாம் வயதைக் கடந்த பின்னர், ஒரு மாணவனின் நோட்டுப் புத்தகப் பக்கத்தைப் பார்த்துத் தம் கலையின் திசையையே மாற்றிக்கொண்டார் என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் குறிப்பிடுகின்றனர். நான் கோடு கிழித்த இடத்தில் அவர் ஓர் ஓவியத்தைக் கண்டார். அந்த வரலாற்றை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

தந்தி இலாகாவிலிருந்து தூரிகைக்கு

பணிக்கர் 1911-ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் ஒரு மலையாளக் குடும்பத்தில் பிறந்தார். பொன்னானியிலும் கோவையிலும் வளர்ந்த அவர் இளம் வயதிலேயே வயல்களையும் நீர்நிலைகளையும் நீர்வண்ணத்தில் தீட்டத் தொடங்கிவிட்டார். ஆயினும் உடனே ஓவியப் பள்ளிக்குச் செல்லும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. தந்தையார் மறைந்ததால் கல்லூரிப் படிப்பை இடையிலேயே நிறுத்திவிட்டுத் தந்தி இலாகாவில் வேலைக்குச் சேர்ந்தார். குடும்பச் சுமை சற்றுக் குறைந்த பின்னரே, 1936-இல், தம் 25-ஆம் வயதில் சென்னை எழும்பூரிலுள்ள கலைப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார்.

அப்பள்ளி 1850-ஆம் ஆண்டு அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவரால் தொடங்கப்பட்டது. பணிக்கர் சேர்ந்த காலத்தில் அதன் முதல்வராக இருந்தவர் வங்காளச் சிற்பி தேவி பிரசாத் ராய் சௌத்ரி. சென்னை மெரினா கடற்கரையில் பாறையை நகர்த்தும் நான்கு தொழிலாளர்களின் சிலையைப் பழைய திரைப்படங்களில் நாம் பலமுறை பார்த்திருப்போம். அந்த உழைப்பாளர் சிலையை வடித்தவர் அவரே. அவரிடம் பயின்ற பணிக்கர் 1940-இல் பட்டயம் பெற்றார். மறு ஆண்டே அப்பள்ளியில் ஆசிரியரானார். 1944-இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தைச் சென்னையில் நிறுவினார். 1957-இல் ராய் சௌத்ரி ஓய்வு பெற்றதும் பள்ளியின் முதல்வராகி, 1967 வரை அப்பொறுப்பில் இருந்தார்.

பணிக்கர் தம் வாழ்நாளில் கால் நூற்றாண்டுக்கும் மேலாக ஆசிரியராக இருந்தவர் என்பதை நாம் கருத்தில் கொள்ள வேண்டும். அவருடைய சிந்தனைகள் பல, வகுப்பறையில் மாணவர்களோடு பழகிப் பழகி உருவானவை.

யாருடைய உருவம்?

அக்கால இந்திய ஓவியர்களுக்கு ஒரு பெரும் சிக்கல் இருந்தது. ஓவியம் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இரண்டு முன்மாதிரிகளே அவர்கள் கண்முன் நின்றன. ஒன்று ஐரோப்பிய முறை. கண்ணால் காண்பதை ஒளி, நிழலோடு அப்படியே தீட்டுதல். இராஜா ரவிவர்மா (1848–1906) அம்முறையில் நம் தெய்வங்களைத் தீட்டினார். 1894-இல் அவர் தொடங்கிய அச்சகம் அப்படங்களை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. நம் பாட்டி வீட்டுச் சாமி மேடையில் மாட்டியிருந்த இலட்சுமி, சரசுவதி படங்கள் பெரும்பாலும் அந்த மரபில் வந்தவையே. மற்றொன்று, அஜந்தா போன்ற பழைய ஓவியங்களைத் திரும்ப வரைதல். முதலாவது, இரவல் வாங்கிய கண். இரண்டாவது, கடந்து போன காலம். இவ்விரண்டிற்கும் இடையில், இன்று வாழும் ஒரு மனிதன் தன் சொந்த உருவத்தை எங்கே தேடுவது?

1954-இல் பணிக்கர் ஐரோப்பா சென்றார். இலண்டனிலும் பாரிசிலும் தம் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தார். அங்கே நவீன ஓவியங்களை நேரில் கண்டார். ஐரோப்பிய ஓவியர்களே தங்கள் பழைய முறையைக் கைவிட்டு, கண்ணால் காண்பதை அப்படியே தீட்டும் கட்டாயத்திலிருந்து விடுபட்டிருந்தனர். சுவிட்சர்லாந்தில் பிறந்த பால் கிளே என்னும் ஓவியர் எழுத்துகளையும் குறிகளையும் அம்புகளையும் தம் படங்களில் மிதக்கவிட்டிருந்தார். அவரும் ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளியில் பத்தாண்டுகள் ஆசிரியராகப் பணியாற்றியவர்.

இக்காட்சிகள் பணிக்கருக்குத் துணிவைக் கொடுத்தன. அதே வேளையில் ஒரு கேள்வியையும் எழுப்பின. பாரிசில் பிறந்த புதுமையைச் சென்னையில் திரும்பச் செய்தால் அதுவும் இரவல்தானே? தாயகம் திரும்பிய பின்னர் ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் அவர் தேடிக்கொண்டே இருந்தார். தோட்டம் என்னும் வரிசையில் மனித உருவங்களையும் செடி கொடிகளையும் தட்டையான வண்ணப் பரப்புகளில் கோடுகளால் அமைத்தார். இந்திய ஓவியத்தின் உயிர் கோட்டில் இருக்கிறது என்னும் எண்ணம் அவருக்குள்ளும் அவர் மாணவர்களுக்குள்ளும் வேரூன்றியது. ஆனால் அந்தக் கோடு எதை வரைய வேண்டும் என்பதற்கு விடை கிடைக்கவில்லை.

1963: சொற்களும் குறிகளும்

விடை எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. வணிகவியல் பயிலும் மாணவன் ஒருவனின் நோட்டுப் புத்தகப் பக்கம் அவர் கண்ணில் பட்டது. எண்கள், கோடுகள், கட்டங்கள், குறிகள், இடையிடையே கையெழுத்து. கணக்குச் சரியா தவறா என்று பார்க்காமல், அப்பக்கம் எப்படி இருக்கிறது என்று பார்த்தார் பணிக்கர். பொருளை மறந்துவிட்டுப் பார்த்தபோது அது முழுமையான ஓர் ஓவிய அமைப்பாகத் தோன்றியது.

1963-இல் ‘சொற்களும் குறிகளும்’ என்னும் வரிசையை அவர் தீட்டத் தொடங்கினார். முதலில் கணிதக் குறிகளையும் எண்களையும் ரோமன் எழுத்துகளையும் பயன்படுத்தினார். சிறிது காலத்தில் ரோமன் எழுத்து தம் தேவைக்குப் பொருந்தவில்லை என்று உணர்ந்து, தம் தாய்மொழியான மலையாளத்தின் எழுத்துருவுக்கு மாறினார். இம்மாற்றத்தைப் பற்றி அவரே விளக்கியிருக்கிறார். இக்குறிகள் தமக்கு ஒரு புதிய உருவத்தைத் தந்தன என்பதும், தம் எண்ணங்களை முன்னைவிட வலிமையாக ஓவியத்தின் மொழியிலேயே சொல்ல அவை உதவின என்பதும் அவர் கூற்றின் சாரம்.

அவ்வோவியங்களைக் காண்பவர்க்கு முதலில் ஒரு பழைய ஓலைச்சுவடியோ ஜாதகமோ நினைவுக்கு வரும். மங்கிய மஞ்சள், வெண்மை, காவி ஆகிய பரப்பின்மேல் நெருக்கமாக எழுதப்பட்ட வரிகள். ஜாதகக் கட்டங்கள் போன்ற சதுரங்கள். நடுவே ஒரு மீன், ஒரு பறவை, ஒரு முக்கோணம், ஏதோ ஒரு தெய்வத்தின் அடையாளம் போன்ற வடிவம். மலையாளம் தெரிந்தவர் அருகில் சென்று வரிகளைப் படிக்க முயல்வார். படிக்க இயலாது. எழுத்து போலவே இருக்கும். ஆனால் சொல்லாகச் சேராது. அது பிழையன்று, பணிக்கர் திட்டமிட்டே செய்த செயல். சொல்லாகச் சேர்ந்துவிட்டால் நாம் படித்து முடித்துவிட்டுப் போய்விடுவோம். சேராதபோதுதான் நின்று பார்ப்போம்.

இங்கேதான் உருவம், பொருள் ஆகிய இரண்டைப் பற்றிய அவருடைய சிந்தனை விளங்குகிறது. ஓர் உருவத்தின் பொருள் அதன் பின்னால் ஒளிந்திருக்கும் ஒரு சொல் என்றே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். “இந்தப் படத்தின் கருத்து என்ன?” என்று கேட்டு ஒரு வாக்கியத்தில் விடை எதிர்பார்க்கிறோம். பணிக்கரின் ஓவியமோ கோட்டின் ஓட்டம், இடைவெளி, நெருக்கம், நிறம் ஆகியவற்றிலேயே பொருள் இருக்கிறது என்கிறது.

நமக்குப் புதிதன்று

இவ்வளவும் நம் வாழ்க்கைக்கு அந்நியமான செய்தி போல் தோன்றலாம். சற்று எண்ணிப் பார்த்தால் அப்படியன்று என்பது புலப்படும்.

கடிதத்தின் தலைப்பில் பிள்ளையார் சுழி போடுகிறோம். அதை யாரும் வாய்விட்டுப் படிப்பதில்லை. ஆயினும் அதற்குப் பொருள் உண்டு. கோயிலில் செப்புத் தகட்டில் எந்திரம் எழுதி வைக்கிறார்கள். முக்கோணங்களுக்கும் கட்டங்களுக்கும் நடுவே எழுத்துகள் நிற்கின்றன. வேலின் இலையில் ஓம் என்னும் எழுத்து இருக்கிறது. எழுத்துக் கற்காத நம் பாட்டிமார்களும் அதைப் பார்த்துக் கைகூப்பினார்கள். அவர்கள் அதைப் படிக்கவில்லை, கண்டார்கள்.

நம் இலக்கண மரபிலும் இதற்கு இடமுண்டு. தண்டியலங்காரம் சித்திரகவி என்னும் வகையைக் கூறுகிறது. பாட்டின் எழுத்துகளைத் தேர் வடிவிலும், பின்னிக் கிடக்கும் பாம்பு வடிவிலும் அமைக்கும் கலை அது. அங்கே எழுத்து ஒலியாகவும் ஓவியமாகவும் ஒரே நேரத்தில் நிற்கிறது. ‘எழுதுதல்’ என்னும் சொல்லே பழந்தமிழில் ஓவியம் தீட்டுதலையும் குறித்தது. கண்ணுக்கு மை எழுதினார்கள். சுவரில் பாவை எழுதினார்கள். வரைவதற்கும் எழுதுவதற்கும் இடையில் நாம் இன்று எழுப்பியிருக்கும் சுவர் அன்று இல்லை.

‘னை’, ‘லை’ போன்ற எழுத்துகளின் பழைய வடிவத்தை மூத்த ஆசிரியர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். மேலே வளைந்து சுருண்ட அந்தக் கோட்டை யானைத் தும்பிக்கை என்று சொல்லிக் கொடுப்பார்கள். 1978-இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தியது. பின்னர் சிங்கப்பூரும் மலேசியாவும் அதனைப் பின்பற்றின. கற்றலும் அச்சிடுதலும் எளிதாயின. ஆயினும் யானை என்னும் சொல்லுக்குள்ளேயே ஒரு தும்பிக்கையைக் கண்ட மகிழ்ச்சியைப் பழைய மாணவர்கள் மறக்கவில்லை. எழுத்தைப் படிக்கக் கற்பதற்கு முன் குழந்தை அதை உருவமாகவே காண்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

பினாங்குச் சிறுவர்களின் கண்கள்

பாகான் டாலாம் சிறுவர்களுக்கு இவ்வனுபவம் இன்னும் நெருக்கமானது. படகுத்துறையிலிருந்து ஃபெரி ஏறிக் கால் மணி நேரத்தில் தீவில் இறங்கினால், ஜார்ஜ் டவுன் தெருக்களில் தமிழ், மலாய், ஆங்கிலம், சீனம், ஜாவி என ஐந்து வகை எழுத்துகளையும் ஒரே நடையில் காணலாம். நம் பிள்ளைகளில் பலருக்கு இவற்றுள் மூன்றைப் படிக்கத் தெரியும். எஞ்சியவற்றை அவர்கள் பார்க்க மட்டுமே செய்கிறார்கள். சீனக் கடையின் பெயர்ப்பலகை அவர்களுக்கு ஓர் ஓவியம். படிக்கத் தெரியாவிட்டாலும் எது மருந்துக்கடை, எது கோயில் என்று நிறத்தாலும் வடிவத்தாலும் கண்டுகொள்கிறார்கள்.

நம் நாட்டு ஓவியர்களும் இவ்வழியை நாடினர். அகமது காலிட் யூசோப் (1934–1997) என்னும் ஓவியர் 1970-களின் தொடக்கத்தில் ‘அலிப் பா தா’ என்னும் ஓவியங்களைத் தீட்டினார். ஜாவி எழுத்துகளை அடுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாகப் பரப்பி, படிப்பதற்கின்றிக் காண்பதற்கான வடிவமாக அவற்றை மாற்றினார். பெயரைக் கவனியுங்கள். ‘அலிப் பா தா’ என்பது நம் ‘அ ஆ இ’ போன்றது. குழந்தை முதன்முதலில் கற்கும் பாடம். சென்னையில் ஒருவர் மலையாள எழுத்தையும், மலேசியாவில் ஒருவர் ஜாவி எழுத்தையும் சில ஆண்டு இடைவெளியில் ஓவியமாக்கினர். தம் மண்ணுக்கு உரிய உருவம் எது என்னும் கேள்விக்கு, சிறுவயதில் சிலேட்டில் எழுதிய எழுத்தையே இருவரும் விடையாகக் கண்டனர்.

படம் சோறு போடுமா?

பெற்றோர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “படம் வரைஞ்சா பொழைக்க முடியுமா டீச்சர்?” இக்கேள்வியை நான் குறைவாக மதிப்பதில்லை. பிறைத் தொழிற்பேட்டையில் இரவு வேலை செய்துவிட்டு வந்து பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் தாய்க்கு அதைக் கேட்கும் உரிமை உண்டு. பணிக்கரும் தம் மாணவர்களை எண்ணி இதே கேள்வியால் கலங்கினார். கலைப்பள்ளியில் பயின்று வெளியேறும் இளைஞர்கள் பிழைப்புக்காக வேறு வேலைகளுக்குச் சென்று ஓவியத்தைக் கைவிட்டுக்கொண்டிருந்தனர்.

அவர் கண்ட தீர்வு பத்திக் ஆகும். நாம் நன்கறிந்த அதே பத்திக். மெழுகைக் கொண்டு துணியில் வண்ணம் ஏற்றும் அக்கலையையும் பிற கைவினைகளையும் இளம் ஓவியர்கள் செய்து விற்றனர். அவ்வருவாயைக் கொண்டு சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் கடற்கரையோரம் ஏறத்தாழ 10 ஏக்கர் நிலம் வாங்கினர். 1966-இல் அங்கே சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவாயிற்று. நாளின் ஒரு பகுதியில் கைவினை செய்து பொருள் ஈட்டினர். மறு பகுதியில் தம் ஓவியத்தைத் தீட்டினர். நம் முன்னோர் பலரை நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் பினாங்குக்குச் சுமந்து வந்த ரஜூலா கப்பல் அந்தச் சோழமண்டலக் கடற்கரையை ஒட்டியே பயணம் செய்தது என்பதை எண்ணும்போது, அக்கிராமம் நமக்கு அவ்வளவு தொலைவில் இல்லை என்று தோன்றுகிறது.

பத்திக்கைப் பொறுத்தவரை நம் பினாங்குக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. துணிக்கடைப் பொருளாக இருந்த பத்திக்கை ஓவியக்கலையாக உயர்த்திய முன்னோடி சுவா தியன் தெங். சீனாவில் பிறந்து பினாங்கில் வாழ்ந்த அவர், 1950-களில் மீனவர்களையும் தாய் சேய் உருவங்களையும் பத்திக் முறையில் தீட்டி உலகப் புகழ் பெற்றார். 2008-இல் மறைந்தார். பிழைப்புக்கான தொழிலையும் கலையையும் பிரிக்கத் தேவையில்லை என்பதற்கு ஈஞ்சம்பாக்கமும் பினாங்கும் ஒரே மெழுகைக் கொண்டு சான்று கூறுகின்றன.

சோழமண்டலத்தில் வாழ்ந்தவர்களுள் ஒருவரை ஆசிரியர்கள் அறிந்திருக்க வேண்டும். அவர் பெயர் கே. இராமானுஜம். பள்ளிப் படிப்பில் பின்தங்கியவர். பேச்சுத் தடை உடையவர். மனநோயாலும் துன்புற்றவர். அவருடைய கோடுகளில் இருந்த ஆற்றலைப் பணிக்கர் கண்டுகொண்டு கலைப்பள்ளியில் இடமளித்து ஊக்குவித்தார். மையால் அவர் வரைந்த கனவு மாளிகைகளும், தேவதைகளும், அவற்றினூடே தொப்பி அணிந்து நடமாடும் மனிதனும் இன்று மதிப்பு மிக்க ஓவியங்களாகப் போற்றப்படுகின்றன. 1973-இல் இளம் வயதிலேயே அவர் மறைந்தார். வாயால் சொல்ல இயலாத ஒருவருக்கு உருவம் எத்தகைய மொழியாக அமையும் என்பதை அவர் வாழ்க்கை காட்டுகிறது.

தமிழ் எழுத்தோடு நேரடித் தொடர்புடைய இன்னொருவர் கே.எம். ஆதிமூலம் (1938–2008). கீராம்பூரில் பிறந்து சென்னைக் கலைப்பள்ளியில் பயின்ற அவர், காந்தியடிகளைக் கோட்டோவியங்களாகத் தீட்டிப் புகழ் பெற்றார். தமிழ் இதழ்களுக்கும் நூல்களுக்கும் அவர் வரைந்த தலைப்பெழுத்துகள் தமிழ் எழுத்தின் வடிவழகைப் பலருக்கும் உணர்த்தின. நம் பினாங்கிலிருந்தும் ஒருவர் அக்கல்லூரிக்குச் சென்றார். 1943-இல் இராமநாதபுரம் வட்டார அழகன்குளத்தில் பிறந்து, சிறுவயதிலேயே பினாங்குக்கு வந்த சையட் தாஜுடின் அவர். 1960-களின் இறுதியில் சென்னை சென்று பயின்று திரும்பி, மலேசியாவின் முன்னணி ஓவியர்களுள் ஒருவரானார். இராமாயணக் காட்சிகளையும் மலாய்க் காவியக் காட்சிகளையும் ஒரே கோட்டு நயத்தோடு தீட்டியவர் அவர்.

ஓர் ஐயம்

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழக்கூடும். அப்படியென்றால் பிள்ளைகள் கிறுக்குவதையெல்லாம் ஓவியம் என்று போற்ற வேண்டுமா? கணக்கைச் செய்யாமல் குருவி வரைந்தால் பாராட்ட வேண்டுமா?

இல்லை. பணிக்கர் அந்த நோட்டுப் பக்கத்தில் ஓவியத்தைக் கண்டதற்குப் பின்னால் கால் நூற்றாண்டுக்கும் மேற்பட்ட பயிற்சி இருந்தது. நீர்வண்ணத்தில் நூற்றுக்கணக்கான முறை மரத்தையும் வானத்தையும் உற்றுப் பார்த்த கண் அது. மனித உருவத்தைப் பிழையின்றி வரையத் தெரிந்த கை அது. விதியை அறிந்த பின்னரே அவர் அதைக் கடந்தார். ஆகவே பயிற்சி வேண்டாம் என்பது அவர் வாழ்க்கை தரும் பாடம் ஆகாது. பயிற்சியோடு பார்வையும் வேண்டும் என்பதே பாடம். நாம் பயிற்சியைக் கொடுக்கிறோம். பார்வையை, பெரும்பாலும் அறியாமலேயே, பறித்துவிடுகிறோம்.

ஓவியப் பாட நேரத்தை நினைத்துப் பாருங்கள். இரண்டு மலை, நடுவே சூரியன், ஓர் ஆறு, ஒரு குடிசை. நாற்பது பிள்ளைகளும் இதே படத்தை வரைகிறார்கள். பாகான் டாலாமில் குடிசையும் இல்லை. இரண்டு மலைக்கு நடுவே சூரியன் உதிப்பதையும் அவர்கள் கண்டதில்லை. அவர்கள் காண்பவை அடுக்குமாடி வீடுகள், படகுத்துறை, இரயில் தண்டவாளம், துறைமுகத்தின் பாரந்தூக்கிகள், அம்மாவின் தொழிற்சாலைப் பேருந்து. ஆயினும் யாரோ வரைந்த மலையை அவர்கள் வரைகிறார்கள். நாம் அதற்கு நல்ல மதிப்பெண் தருகிறோம். ‘யாருடைய உருவம்?’ என்று பணிக்கர் எட்டு ஆண்டுகள் கேட்டுக்கொண்டிருந்த அதே கேள்வி நம் வகுப்பறையிலும் நிற்கிறது.

நான் மாற்றிக்கொண்டவை

பணிக்கரைப் பற்றிப் படித்த பின்னர் என் வகுப்பில் சில சிறு மாற்றங்களைச் செய்தேன். பிள்ளைகள் படத்தைக் காட்டும்போது “இது என்ன?” என்று முதலில் கேட்பதை நிறுத்தினேன். “முதலில் எந்தக் கோட்டைப் போட்டாய்?” என்று கேட்கிறேன். முதல் கேள்விக்கு ஒரு சொல்தான் விடையாக வரும். இரண்டாவது கேள்விக்கு ஒரு கதையே வருகிறது. எங்கே தொடங்கினான், எங்கே தவறியது, தவறிய கோட்டை எப்படி மீனாக்கினான் என்றெல்லாம் சொல்கிறார்கள். ஒரு படைப்பு எப்படி உருவாகிறது என்பதை அவர்களிடமிருந்தே கற்றுக்கொள்கிறேன்.

முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு உயிரெழுத்து கற்பிக்கும்போது, எழுதுவதற்கு முன் ஐந்து நிமிடம் பார்க்கச் சொல்கிறேன். ‘இ’ யாரைப் போல் உட்கார்ந்திருக்கிறது? ‘ஔ’ எதைச் சுமந்துகொண்டு போகிறது? ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்வார்கள். எல்லாமே சரியான விடைதான். பிறகு எழுத்தை முறைப்படி எழுதப் பழக்குகிறேன். இதில் முறையைக் கைவிடவில்லை.

கணிதப் புத்தகத்தின் கடைசி நான்கு பக்கங்களைப் பிள்ளைகளுக்கே விட்டுவிட்டேன். கணக்கை முடித்தவர்கள் அங்கே எதை வேண்டுமானாலும் வரையலாம். அப்பக்கங்களில் நான் சிவப்பு மை வைப்பதில்லை. பெற்றோர் சந்திப்பு நாளில் அப்பக்கங்களையும் திறந்து காட்டுகிறேன். மதிப்பெண்ணை மட்டும் கேட்க வந்த தாய்மார்கள் சற்று நேரம் பேசாமல் அவற்றைப் பார்ப்பார்கள். பெற்றோர்களே, வீட்டிலும் இதைச் செய்து பாருங்கள். பிள்ளையின் படத்தைத் திருத்துவதற்கு முன் ஒரு நிமிடம் பாருங்கள்.

பணிக்கர் 1976-இல் இந்திய லலித் கலா அகாடமியின் உயரிய மதிப்புறு உறுப்பினராகச் சிறப்பிக்கப்பட்டார். 1977-இல் மறைந்தார். திருவனந்தபுரத்தில் அவர் ஓவியங்களுக்கென்றே ஒரு கூடம் இருக்கிறது. சோழமண்டலத்தில் சென்னை ஓவிய இயக்கத்திற்கான அருங்காட்சியகம் அவர் பெயரில் 2009-இல் திறக்கப்பட்டது. தமிழ்நாட்டுச் சுற்றுலா செல்லும் குடும்பங்கள் மகாபலிபுரம் போகும் வழியில் ஈஞ்சம்பாக்கத்தில் ஒரு மணி நேரம் இறங்கினால் போதும். பிள்ளைகளையும் உள்ளே அழைத்துச் செல்லுங்கள். அந்த எழுத்துகளை நம்மால் படிக்க முடியவில்லையே என்று அவர்கள் கவலைப்பட மாட்டார்கள். கவலைப்படுவது நாமாகத்தான் இருப்போம்.

அந்த மூன்றாம் ஆண்டு மாணவன் இப்போது வளர்ந்துவிட்டான். சில மாதங்களுக்கு முன்பு கடைத்தெருவில் அவனையும் அவன் தாயாரையும் கண்டேன். நலம் விசாரித்த பின்னர், “இன்னும் வரைகிறாயா?” என்று கேட்டேன். “நானா? எனக்கு வரையவே தெரியாதே டீச்சர்” என்று சிரித்தான். குருவியும் வாத்தும் அவனுக்கு நினைவில்லை. எனக்கு இருக்கிறது.